பாட்டுப் பெட்டியை நான் சரிசெய்த நாள்

மூன்று வருடத்துக்கு முந்தைய பங்குனி மாதம். திருச்சுழிக்கும் நரிக்குடிக்கும் நடுவில், மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிற ஒரு கிராமம். ஊர் பெயர் வேண்டாம், அந்த வீட்டுக்காரர்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். பகல் பதினோரு மணிக்கு, நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு நான் செய்த ஒரு காரியத்தை இதுவரை என் வீட்டுக்காரரிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை.

வீடு வீடாகப் போய் சர்க்கரை, பிரஷர் பார்த்து, ஒரு மாதத்துக்கான மாத்திரை கொடுத்துவிட்டு வருவதுதான் என் வேலை. நான் நர்ஸ் இல்லை. ஆனால் தோளில் பையும் கையில் பிரஷர் மிஷினுமாகப் போனால் யார் நம்புவார்கள்? எல்லா ஊரிலும் எனக்கு 'நர்சம்மா' என்றே பெயர் ஆகிவிட்டது. கல்யாணத்துக்கு முன்னால் அருப்புக்கோட்டையில் ஒரு செல்போன் கடையில் இரண்டு வருடம் வேலை பார்த்திருக்கிறேன். அந்தப் பழக்கத்தில் போகிற வீடுகளில் சார்ஜர், டார்ச், ரிமோட் என்று எது மக்கர் செய்தாலும் கையை வைத்துவிடுவேன். பாதிக்குப் பாதி சரியாகிவிடும். "நர்சம்மா தொட்டா ஓடும்" என்று யாராவது சொன்னால் அன்று முழுக்க எனக்குத் தரையில் கால் பாவாது. அந்தத் தலைக்கனத்தைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

அந்த வீட்டில் அறுபது வயதை ஒட்டிய கணவன், மனைவி இரண்டு பேர்தான். கொஞ்சம் மிளகாய்க் காடு, நாலைந்து ஆடு. அவருக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. கட்டிலே கதி. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டதால் பேச்சு குழறும். பழகியவர்களுக்குத்தான் புரியும். இதயமும் பலவீனமாக இருக்கிறது, அதிர்ச்சி தரும் விஷயம் எதுவும் காதில் விழக்கூடாது என்று மதுரையில் பார்த்த டாக்டர் சொல்லியிருந்தார். அதை அவர்களுடைய சீட்டில் நானே படித்திருக்கிறேன்.

ஒரே மகள். காரியாபட்டிப் பக்கம் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அப்பா படுத்த படுக்கையானதும், பொழுது போகட்டும் என்று அந்தப் பெண் ஒரு பாட்டுப் பெட்டி வாங்கிக் கொடுத்திருந்தாள். உள்ளங்கை அகலத்தில், மெமரி கார்டு போட்டுக் கேட்கிற சிகப்புப் பெட்டி. ஆயிரம் பாட்டுக்கு மேல் ஏற்றியிருந்தாள். அவர் கட்டிலின் தலைமாட்டில் அது எந்நேரமும் பாடிக்கொண்டே இருக்கும். நான் தெருமுனையில் வண்டியைத் திருப்பும்போதே சத்தம் கேட்கும்.

அன்று கேட்கவில்லை.

அந்த அம்மா வாசலில் வேப்பமர நிழலில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். எப்போதும் வண்டிச் சத்தம் கேட்டதும் "வாங்க நர்சம்மா" என்று எழுந்து வருவார், மோர் கொண்டுவந்து கொடுத்த பிறகுதான் பையையே திறக்க விடுவார். அன்று வாங்க என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. தலையை மட்டும் அசைத்தார். தலை சீவாமல், கண் எல்லாம் உள்ளே போய்க் கிடந்தது. எனக்குச் சுருக்கென்றது. போன மாதம் ஒரு மாத்திரை குறைவாக வந்திருந்தது, அதற்குத்தான் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறார் போல என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனேன். நான் போன சிறிது நேரத்திலேயே தெருக்குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. அந்த ஊரில் நாலு நாளைக்கு ஒரு தடவைதான் தண்ணீர் வரும். "இருங்க, பிடிச்சிட்டு வந்துருதேன்" என்று அந்த அம்மா குடங்களைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

பிரஷர் பார்த்தேன். வழக்கம்போலத்தான் இருந்தது. ஆனால் மனிதர் நல்ல மனநிலையில் இல்லை. நான் மாத்திரையை எண்ணிக்கொண்டிருக்கும்போது இடது கையால் என் சேலையைத் தொட்டு, தலைமாட்டைக் காட்டினார்.

"பன்னெண்டு நாளா ஊமையாக் கெடக்கு தாயி. இவளும் அமுக்கி அமுக்கிப் பாக்குறா, பாட மாட்டேங்குது. பாப்பாகிட்டச் சொல்லலாம்னா அவ போனும் தண்ணில விழுந்திருச்சாம். கோயம்புத்தூருப் பக்கம் மில்லு வேலைக்குப் போயிருக்காகளாம் ரெண்டு பேரும். ஊருப் பொங்கலுக்கு வருவா. வந்து பாத்தான்னா, நான்தான் கீழ போட்டு ஒடச்சிட்டேன்னு வைவா."

மகளிடம் திட்டு வாங்கப் போவதைச் சொல்லும்போது அவர் முகத்தில் சிரிப்பு வந்தது. நமக்கு அது போதாதா? பெட்டியைக் கையில் எடுத்துவிட்டேன்.

முதலில் என் பையில் இருந்த சார்ஜரை மாட்டினேன். லைட் எரியவில்லை. கரண்டு வருகிறதா என்று என் போனைச் செருகினேன், ஏறியது. அப்படியானால் பிளக்கில் குறை இல்லை. வயரை மாற்றிப் போட்டேன். அதுவும் இல்லை. சார்ஜ் போடுகிற ஓட்டைக்குள் புழுதி அடைத்திருக்கும் என்று ஜாக்கெட்டில் இருந்த ஊக்கை எடுத்து மெதுவாகச் சுரண்டி ஊதினேன். எங்கள் பக்கத்துச் செம்மண் எதற்குள்ளும் புகும். கொஞ்சம் தூசி வந்தது. திரும்ப மாட்டியதும் லைட் மினுக்கென்று ஒரு தடவை எரிந்து அணைந்தது.

"உள்ள உசுரு இருக்குய்யா" என்றேன். அவர் கண் அகல விரிந்தது.

மெமரி கார்டை எடுத்துத் துடைத்துப் போட்டேன். பட்டனைப் பத்து எண்ணும் வரை அமுக்கிப் பிடித்தேன். சத்தம் வைக்கிற சக்கரத்தைக் கடைசி வரை திருகினேன், ஒருவேளை சத்தம் குறைந்து கிடக்கிறதோ என்று. சுவிட்சைத் தள்ளித் தள்ளிப் பார்த்து, ஆன் பக்கமே விட்டுவிட்டேன். மிச்சம் இருந்தது பேட்டரிதான். பழைய பட்டன் போனில் போடுகிற தட்டை பேட்டரி. ரொம்ப நாள் ஆனால் உப்பிவிடும், அப்புறம் கரண்டு எடுக்கிற முள்ளில் ஒட்டாது. நகத்தால் பின்மூடியை நெம்பினேன்.

பேட்டரி உப்பவில்லை. எடுத்துத் திருப்பிப் பார்த்தால், கரண்டு வருகிற மூன்று பித்தளைப் புள்ளிகளின் மேலே பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. கண்டபடி ஒட்டியதில்லை. அளவெடுத்து, கத்தரியால் நறுக்கி, ஓரம் பிசகாமல் ஒட்டியிருந்தது. போன மாதம் அவர் இடுப்பில் படுக்கைப் புண் வந்தபோது நான் கொடுத்துவிட்டுப் போன அதே பிளாஸ்திரி.

ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். யார் இப்படி ஒட்டுவார்கள், எதற்கு ஒட்டுவார்கள் என்று ஒரே ஒரு நிமிஷம். எனக்கோ கண்டுபிடித்துவிட்ட குஷி. கடையில் வேலை பார்த்த காலத்தில்கூட இவ்வளவு விசித்திரமான ரிப்பேரைப் பார்த்ததில்லை. வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

"ஐயா, இது ரிப்பேரே இல்ல. யாரோ வேணும்னே பிளாஸ்திரிய ஒட்டி வச்சிருக்காக. அம்மாவுக்குப் பாட்டுக் கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு போல!"

"பிளாஸ்திரியா?" என்றார் அவர்.

அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. பிளாஸ்திரியை உரித்து, சர்க்கரை பார்க்க விரலைத் துடைக்கிற ஸ்பிரிட் பஞ்சால் பசையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைத்து முடித்து பேட்டரியை உள்ளே அழுத்தினேன். சுவிட்ச் ஆனில் இருந்தது, சத்தம் முழுசாக இருந்தது. கொட்டுமேளத்தோடு ஒரு திருவிழாப் பாட்டு வீடே அதிரும்படி வெடித்துக் கிளம்பியது. தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும்.

அந்த அம்மா ஓடி வந்தார். வாசலில் குடம் விழுந்து உருளும் சத்தம் கேட்டது. "நிப்பாட்டு, நிப்பாட்டு" என்று கத்திக்கொண்டே என் கையில் இருந்து பெட்டியைப் பிடுங்கினார். எங்கே அமுக்கினால் நிற்கும் என்று அந்தப் பதற்றத்தில் அவருக்குத் தெரியவில்லை. முந்தானையைச் சுருட்டி அதற்குள் வைத்து வயிற்றோடு சேர்த்து அமுக்கிக்கொண்டார். சேலைக்குள் இருந்து அது பாடிக்கொண்டே இருந்தது. நான்தான் கையை விட்டு வாங்கி நிறுத்தினேன்.

அப்போதுதான் கட்டிலில் இருந்தவரைத் திரும்பிப் பார்த்தேன். மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரு?" என்றார்.

அந்த ஒற்றை வார்த்தை எனக்கும் அந்தக் கணமே புரிந்துவிட்டது. எங்கள் பக்கத்து ஊர்களில், பாடிக்கொண்டிருக்கிற பெட்டியை வேண்டுமென்றே ஒருவர் நிறுத்தினால் அதற்கு ஒரு காரணம்தான். சாவு விழுந்த வீட்டில் முப்பது நாள் முடியும் வரை பாட்டுச் சத்தம் கேட்கக் கூடாது. பக்கத்து வீட்டுக்காரர்கள்கூட டிவியைக் குறைத்து வைப்பார்கள். இவரோ நன்றாக நடமாடிய காலத்தில், ஊரில் ஒரு சாவு என்றால் அடுத்த தெருவில் கட்டியிருக்கிற மைக் செட்டை முதல் ஆளாகப் போய் நிறுத்தச் சொல்கிற மனிதர். வந்தவளை அந்த அம்மா ஏன் வாங்க என்று கூப்பிடவில்லை என்பதும் அப்போதுதான் எனக்கு உறைத்தது. துக்க வீட்டில் வருகிறவரை வா என்று அழைக்க மாட்டார்கள். பிறந்ததில் இருந்து பார்த்து வளர்ந்த வழக்கம். வீட்டுக்குள் நுழையும்போதே தெரிந்திருக்க வேண்டும். நான் ஒரு மாத்திரைக் கணக்கை நினைத்துக்கொண்டு உள்ளே போனவள்.

அந்த அம்மா முந்தானையை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டார்.

"நரிக்குடித் தங்கச்சியா?"

இல்லை என்று தலையை ஆட்டினார்.

"பாலவனத்தத்துப் பெரியவரா?"

அதற்கும் இல்லை.

"ஒங்க அண்ணனா? சொல்லு. ஒங்க அண்ணனா?"

தலை மட்டும்தான் ஆடியது. கணவர் இன்னும் ஒன்றிரண்டு சொந்தக்காரர்களை ஊர் ஊராகச் சொல்லிக் கேட்டார். ஒவ்வொருவருக்கும் இல்லை, இல்லை. கேட்கக் கேட்கக் குரல் இறங்கிக்கொண்டே போனது. பிறகு கேட்பதற்கு ஆள் இல்லாமல் போயிற்று. ஒரே ஒருத்திதான் பாக்கி. வாயைத் திறந்தார். உதடு குவிந்தது. அந்தப் பேரைக் கேட்டுவிடுவார் என்று நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கேட்கவில்லை. வாயை மூடிக்கொண்டார். மேலே கூரையைப் பார்த்தார். பிறகு மனைவி பக்கம் திரும்பி, "சாப்பிட்டியா புள்ள?" என்றார்.

அவ்வளவுதான். அந்த அம்மா கட்டில் காலடியில் விழுந்து, அதுவரைக்கும் நான் கேட்டிராத ஒரு குரலில் அழுதார். "எம் மகளே" என்று ஆரம்பித்ததும் அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லாரும் ஓடி வந்துவிட்டார்கள். அவர் இடது கையைத் தூக்கி மனைவியின் தலையில் வைத்தார். கண்ணீர் காதுப்பக்கமாக ஒழுகித் தலையணையை நனைத்தது. துடைத்துக்கொள்ளவும் கை இல்லை, இருக்கிற ஒரு கை மனைவி தலையில் இருந்தது.

மகள் இறந்து பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. மஞ்சள் காமாலை முற்றி, மதுரைக்குக் கொண்டுபோய், மூன்றாம் நாளில் போய்விட்டாள். புருஷன் ஊரிலேயே எல்லாம் முடித்துவிட்டார்கள். சம்பந்தியம்மாவுக்கு உடம்பு சரியில்லை, பார்த்துவிட்டு வருகிறேன் என்று இவரிடம் சொல்லிவிட்டுப் போய், பெற்ற பிள்ளையை அனுப்பிவிட்டு வந்திருக்கிறார் அந்த அம்மா. துக்கம் கேட்க வருகிறவர்களை எல்லாம் பக்கத்துத் தெருவில் இவர் தம்பி வீட்டிலேயே உட்கார வைத்து அனுப்பியிருக்கிறார்கள். ஊரே சேர்ந்து அந்த ரகசியத்தைக் காத்திருக்கிறது. பாட்டுப் பெட்டிதான் பிரச்னை. மகளைப் பறிகொடுத்த வீட்டில், அதுவும் அவள் வாங்கிக் கொடுத்த பெட்டியில், காலையில் இருந்து இரவு வரை பாட்டு ஓடினால் பெற்றவள் எப்படித் தாங்குவாள்? பேட்டரியையே எடுத்துவிட்டால், யாராவது திறந்ததும் இல்லாதது தெரிந்துவிடும், புள்ளிகள் மேல் ஒட்டினால் சட்டென்று கண்ணில் படாது என்று, பிளாஸ்திரி யோசனையைத் தம்பிதான் சொன்னாராம்.

டாக்டர் சீட்டில் படித்தது வரி வரியாக ஞாபகம் வந்தது. பிரஷர் பட்டையைக் கட்டினேன். ஏறியிருந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டருக்குப் போன் போட்டேன், அவர் சொன்ன மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்தேன். அரை மணிக்கு ஒரு தடவை பார்த்துக்கொண்டே இருங்கள் என்றார். அன்று வேறு எந்த வீட்டுக்கும் போகவில்லை. அழுகைக்கு நடுவே கட்டில் ஓரத்தில் நின்றுகொண்டு பட்டையைக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தேன். இந்த மனிதருக்கு ஏதாவது ஆனால் கொன்றது நான்தான் என்பதைத் தவிர வேறு எதுவும் மனசில் ஓடவில்லை.

தம்பி வந்து என்னை வாசலுக்குக் கூப்பிட்டார். "மாத்திரை குடுக்க வந்தா குடுத்துட்டுப் போக வேண்டியதுதானேம்மா? ஒன்ன யாரு அதத் தொடச் சொன்னா? பன்னெண்டு நாளு நாங்க பட்ட பாட்ட ஒரு நிமிசத்துல போட்டு ஒடச்சிட்டியே!" என்றார். அவர் கேட்டதில் ஒரு எழுத்துக்கூடத் தப்பு இல்லை. "தெரியாம செஞ்சிட்டேன்" என்று சொல்லக்கூட வெட்கமாக இருந்தது.

சாயங்காலம் பிரஷர் இறங்கியது. வழக்கமாகப் போகும்போது "போயிட்டு வாரேன்" என்று சொல்வேன். துக்க வீட்டில் அதையும் சொல்லக் கூடாது. சொல்லாமலேயே வண்டியை எடுத்தேன். திருச்சுழி வரும் வரை ரோடு கலங்கலாகத்தான் தெரிந்தது.

அடுத்த மாதம் அந்த ஊரை வேறு ஆளுக்கு மாற்றிக் கொடுங்கள் என்று ஆபீசில் கெஞ்சிப் பார்த்தேன். ஆள் இல்லை என்றுவிட்டார்கள். வேறு வழி இல்லாமல் போனேன். வண்டியைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு, திட்டு வாங்கத் தயாராகத்தான் நடந்து போனேன். முப்பது நாள் காரியமும் முடிந்திருந்தது. அந்த அம்மா என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, "வா தாயி" என்றார். அந்த 'வா'வைக் கேட்டதும் எனக்குத் தாங்கவில்லை. வாசலிலேயே அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன்.

அவர் மரத்தடியில் என்னை உட்கார வைத்தார். "ஒம் மேல கோவம் இருந்துச்சு. இல்லைன்னு சொன்னாப் பொய்யி. அன்னைக்குத் தண்ணி மட்டும் வரலைன்னா, வாசலுக்குக் கூப்பிட்டு ஒங்கிட்டச் சொல்லியிருப்பேன். என்ன செய்ய, நாலு நாளைக்கு ஒருக்கா வாரது அன்னைக்குப் பாத்து வந்துச்சு" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார், உள்ளே இருக்கிறவருக்குக் கேட்டுவிடக் கூடாது என்று.

"பன்னெண்டு நாளும் ஆடு மேய்க்கப் போறேன்னு சொல்லிட்டு, கம்மாக்கரை கருவேலங்காட்டுக்குள்ள போயித்தான் அழுவேன் தாயி. அழுதுட்டு, மூஞ்சியக் கழுவிட்டு வந்து, அவுகளுக்குச் சோறு ஊட்டுவேன். பாப்பா போன் பண்ணுனாளான்னு கேப்பாக. இன்னும் இல்லைம்பேன். அன்னைக்குத்தான் எம் மகளுக்கு எம் வீட்டுக்குள்ள உக்காந்து அழுதேன்."

அந்த அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு மேலே சொன்னார்.

"ஊரு ஒறவு அத்தன பேரையும் கேட்டாகளே, அவ பேர மட்டும் கேக்காம விட்டாக. ஏன்னு தெரியுமா? கேட்டா நான் ஆமான்னு சொல்லணும்ல. பெத்தவ வாயால அதச் சொல்ல வைக்கக் கூடாதுன்னுதான் கேக்கல. இன்னைக்கு வரைக்கும் கேக்கல."

உள்ளே போனேன். அவர் இளைத்திருந்தார். பட்டையைக் கட்டும்போது என் முகத்தைப் பார்த்தார், இடது கையால் என் கையை இரண்டு தடவை தட்டிக் கொடுத்தார். கோபத்தில் கத்தியிருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

இப்போதும் மாதாமாதம் அந்த வீட்டுக்குப் போகிறேன். மோர் கொடுக்கிறார்கள், குடிக்கிறேன். அவர்கள் என்னை மன்னித்துவிட்டார்கள் என்றுதான் தோன்றுகிறது. மனைவியைக் காப்பாற்ற ஒரு கேள்வியைத் தொண்டைக்குள்ளேயே விழுங்கிக்கொண்ட மனிதர் அவர். அவரைக் காப்பாற்றத் தன் அழுகையைக் காட்டுக்குள் கொண்டுபோய் ஒளித்த மனுஷி அந்த அம்மா. இவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் யாரையும் கேட்காமல் கையை விட்டவள் நான் என்கிற நினைப்பு, எந்த வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினாலும் என்னை ஒரு நிமிஷம் தயங்கி நிற்க வைத்துவிட்டுத்தான் உள்ளே போக விடுகிறது.